அங்க மாடுதான் கட்டுவாங்க

கையில எழுதற நோட்டு வச்சுக்கினு சிரிச்ச மூஞ்சியா யாராவது வந்தா நான் நம்ப மாட்டேன். கோவமா வர்ற அதிகாரியைக்கூட ஒரு மாதிரி நம்பிடுவேன், இன்னா வேணும்னு அவரு மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். சிரிக்கிறவங்க எதை எடுக்க வந்தாங்கன்னு கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆகும். அதனால ஏரிக்கரையில பூங்கா வரப்போகுதுன்னு சொல்லிக்கினு ஒரு அம்மா நோட்டோட வந்து எங்க நடுவுல மண்ணுல ஒக்காந்தப்போ, நான் மொதல்ல பண்ண காரியம் என் சோத்துத் தூக்கை எடுத்து மடியில வச்சுக்கினதுதான். தூக்குல இருந்தது பழைய சோறு. அதை அந்தம்மா எடுத்துக்கப் போறது இல்லதான். ஆனாலும் கை தானா போயிருச்சு.

அது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன புதுசு. ஊருல எங்க பார்த்தாலும் அளக்கறது, தோண்டறது, போர்டு வைக்கிறதுன்னு ஒரே அமர்க்களம். சங்கராபுரம் போற ரோட்டுல ஊரு முடியற எடத்துல ஒரு ஏரி. அந்தக் கரை ரோட்டை வந்து தொடற முனையில ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். விடிஞ்சும் விடியாததுமா நாங்க முப்பது முப்பத்தஞ்சு பொம்பளைங்க அந்த மரத்தடிக்கு வந்துடுவோம். நடவு, களையெடுப்பு, கரும்புக்குச் சோகை உரிக்கிறது, கட்டடத்துக்குச் சித்தாளுன்னு எதுக்கு ஆள் வேணும்னாலும் மேஸ்திரிங்க அங்கதான் குட்டியானை வண்டியைக் கொண்டாந்து நிறுத்துவாங்க. இத்தனை பேரு ஏறுன்னு சொல்லுவாங்க, ஏறுவோம். எட்டு மணிக்குள்ள ஏறலைன்னா அன்னிக்கு வேலை கெடையாது, திரும்பி வூட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

மழைக்கு அந்த மரம் ஒதவாது. மழை வந்தா அதுவே இலையை மடிச்சுக்கும், நாங்க நனைவோம். ஆனா வெயிலுக்கு அது மாதிரி நிழல் அந்த ரோட்டுலயே இல்ல. ஒக்காரத் தோதா வேரு மேல கெளம்பி இருக்கும். ஒதுங்கணும்னா பின்னாடி கரைச் சரிவு மறைவா இருக்கும். அதெல்லாத்தையும்விட, நாங்க நிக்கிற எடம் அதுதான்னு எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். கூலிக்காரிக்கு அட்ரஸ்னா அவ்ளோதான். அந்த எடம் கைவிட்டுப் போச்சுன்னா எங்களை யாரும் தேடிக்கினு வரப்போறது இல்ல. அதே நேரம், அங்க நிக்க எங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டும் கெடையாது. ஏரிப் பொறம்போக்கு. எழுந்து போன்னு சொன்னா போகணும். இதை மனசுல வச்சுக்கினு மிச்சத்தைப் படிங்க.

எனக்கு ஏன் இவ்ளோ சந்தேகம்னு கேப்பீங்க. நான் பொறந்தது கல்வராயன் மலை மேல. சாமை, தினை, கேவுரு போட்டுப் பொழைச்ச குடும்பம். எங்க பக்கம் எல்லா நெலத்தையும் எல்லா வருஷமும் ஓட்ட மாட்டாங்க. ரெண்டு வருஷம் போட்டா மூணு வருஷம் சும்மா விடுவாங்க, மண்ணு தூங்கி எழுந்திருக்கட்டும்னு. நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ ஒருத்தர் வந்தாரு. எந்த ஆபீஸுன்னு அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. எங்க வூட்டுல ஒக்காந்து களி தின்னாரு, ருசியா இருக்குதுன்னு இன்னொரு உருண்டை கேட்டு வாங்கித் தின்னாரு. உங்க நெலமெல்லாம் எதுன்னு காட்டுங்க, உங்க நல்லதுக்குத்தான்னாரு. எங்கப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு கல்யாணத்துக்குக் கூட்டிக்கினு போற மாதிரி முன்னால நடந்தாரு. இது இப்ப போட்டிருக்கிறது, அதோ அந்தச் சரிவு சும்மா விட்டு வச்சிருக்கிறதுன்னு ஒண்ணையும் மறைக்கல. வந்தவரும் சொன்னபடி எழுதிக்கினாரு. அடுத்த வருஷம் வேற ஆளுங்க வந்து கல்லு நட்டாங்க. விட்டு வச்சிருந்ததெல்லாம் யாரும் பயிர் வைக்காத எடம்னு காகிதத்துல இருந்துச்சாம். மிச்சம் நின்ன துண்டுல எங்க வயிறு ரொம்பல, மலையை விட்டு எறங்கிட்டோம். அப்பா அன்னிக்குப் பெருமையா நடந்த நடையை நெனச்சா எனக்கு இப்பவும் அழுகைதான் வரும். அதுக்கப்பறம் எங்க வூட்டுல யாரு இன்னா கேட்டாலும் மொத பதில் 'இல்லைங்க'. சோறு தின்னியான்னு கேட்டாலும் இல்லைங்க.

கீழ எறங்கினதும் எங்கம்மாவுக்கு ஒரு கோயில் நந்தவனத்துல களையெடுக்கிற வேலை கெடைச்சுது. நானும் கூடப் போவேன். அழகுன்னா அப்படி ஒரு அழகு. செவ்வரளி ஒரு வரிசை, நந்தியாவட்டை ஒரு வரிசை, நடுவுல கெணத்துத் தண்ணி ஓடற கல்லு வாய்க்கா, ஓரத்துல பவழமல்லி. எந்த ராஜா காலத்துலயோ போட்டதாம். சாயங்காலம் வேலை முடிஞ்சு வெளிய வர்றப்போ வாசல்ல ஒருத்தர் நிப்பாரு. மடியை ஒதறிக் காட்டணும். ஒரு நாள் என் தலையில பவழமல்லிப் பூவு ஒண்ணு தானா விழுந்து சிக்கிக்கினு இருந்துச்சு. சாமி பூவைத் திருடினியான்னு கேட்டு எங்கம்மாவை அரை மணி நேரம் நிக்க வச்சாரு. மரத்துக்குத்தான் தெரியும் யாரு திருடினதுன்னு. எங்கம்மா என்னை அடிக்கல, வழியெல்லாம் என் முடியை விரலால சீவிக்கினே வந்தாங்க.

வயசு வந்தப்பறம் அதிகாரிங்க தங்கற ஒரு பங்களாவுல புல்தரையில கோரை பிடுங்கினேன். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டம். குரோட்டன்ஸ் தொட்டிங்க பட்டாளம் மாதிரி வரிசையா நிக்கும். அந்தப் புல்லு மேல நாங்க குந்தி வேலை செய்யலாம், ஒக்காந்து சோறு தின்னக் கூடாது. அதுக்கு அப்பறம் வந்ததுதான் ஊருக்கு ஊரு போட்ட பூங்கா. சிமெண்ட்டு மானு, சிமெண்ட்டு காளான், தண்ணி வராத நீரூத்து. வேலை முடிஞ்சு சேத்துக் காலோட ஒரு தடவை உள்ள நொழையப் பார்த்தேன், காவல்காரர் கம்பைக் காட்டினாரு. தோட்டம்னு நான் பார்த்ததெல்லாம் என்னைச் சந்தேகப்பட்ட எடம்தான். நான் மட்டும் எதுக்குத் தோட்டத்தை நம்பணும், சொல்லுங்க.

இப்ப அந்தம்மாவுக்கு வர்றேன். மெட்ராஸ்லேருந்து வந்தவங்க, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வெளுத்துப்போன காட்டன் சுடிதாரு, துணித் தொப்பி, கழுத்துல அளக்கிற டேப்பு. பூங்காவுக்கு பிளான் போடற படிப்பே தனியா இருக்குதாம், அதைப் படிச்சவங்களாம். நாங்க மேப்புக்காரம்மான்னு பேரு வச்சுட்டோம். என் சொம்புலயே தண்ணி வாங்கிக் குடிச்சாங்க, வாய் வச்சே குடிச்சாங்க. களி தின்னவரு ஞாபகம் வந்துருச்சு எனக்கு. நடிப்புல கெட்டிக்காரின்னு நெனச்சுக்கினேன்.

எங்க கூட்டத்துல நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. பஸ்ஸு போர்டு, நோட்டீஸு எல்லாம் நான்தான் படிச்சுச் சொல்லுவேன். அதனால யாரு வந்து பேசினாலும் எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. அந்தம்மாவும் என்னைப் பார்த்துத்தான் கேட்டாங்க.

"அக்கா, நீங்க தினமும் இங்கதான் நிப்பீங்களா?"

"இல்லைங்கம்மா. இன்னிக்கு பஸ்ஸு லேட்டு, அதான் நிக்கிறோம்."

அந்த எடத்துல பஸ்ஸே நிக்காது. முப்பத்தஞ்சு பொம்பளைங்க, கையில தூக்கும் கொடுவாளும் வச்சுக்கினு, நிக்காத பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தோம். அந்தம்மா தலையாட்டிட்டு எழுதிக்கினாங்க. அவங்க அந்தாண்ட போனதும் எங்க ஆளுங்களுக்குச் சிரிப்பு தாங்கல. என் ஜோடிக்காரி, அதாவது கட்டட வேலையில எனக்குச் சட்டி எடுத்துக் குடுக்கிறவ, பத்து வருஷமா கூடவே இருக்கிறவ, முந்தானையை வாயில அடைச்சுக்கினு சிரிச்சா. நல்ல வேளை நீ இருந்தே, நாங்களா இருந்தா உண்மையைச் சொல்லித் தொலைச்சிருப்போம்னு சொன்னா. எனக்கு அன்னிக்கு ரெண்டு அடி ஒசந்த மாதிரி இருந்துச்சு.

அடுத்த நாள் காலையில வந்து யாரு யாரு எங்க எங்க ஒக்கார்றாங்கன்னு கணக்கெடுக்கப் போறதா அந்தம்மா டீக்கடையில சொன்னது என் காதுக்கு வந்துச்சு. ஒக்கார்றோம்னு எழுதினா ஆக்கிரமிப்புன்னு ஆகும், ஆக்கிரமிப்புன்னு ஆனா போலீஸு வரும். எனக்குத் தெரிஞ்ச கணக்கு அதுதான். உடனே முடிவு பண்ணேன். மூணு நாளைக்கு மரத்தடி பக்கம் ஒருத்தியும் போகக் கூடாது, கூப்பிடு தூரத்துல இருக்கிற பெட்ரோல் பங்க்கு பக்கத்துல நிக்கணும். மேஸ்திரிங்களுக்கு போன் போட்டுச் சொன்னோம். ரெண்டு மேஸ்திரி சொன்னது புரியாம மரத்தடிக்கே போய்ப் பார்த்துட்டு, ஆளே இல்லைன்னு தியாகதுருகம் பக்கம் ஆள் எடுக்கப் போயிட்டாங்க. அன்னிக்குப் பாதிப் பேருக்கு வேலை போச்சு. போனா போவுதுன்னு நான்தான் சமாதானம் சொன்னேன். அந்தம்மா மூணு காலையும் வெறும் மரத்தடியைப் பார்த்துக்கினு தொப்பியோட நின்னதை நாங்க பங்க்குல நின்னு வேடிக்கை பார்த்தோம்.

நாலாவது நாள் நான் தனியா அந்தப் பக்கம் நடந்து போறப்போ அந்தம்மா மரத்தடியில குந்திக்கினு மண்ணைக் கையால தடவிக்கினு இருந்தாங்க. என்னைக் கூப்பிட்டாங்க. இங்க புல்லே மொளைக்கல பாருங்க, வேரெல்லாம் வழுவழுன்னு தேஞ்சிருக்கு, ரொம்ப வருஷமா ஆளுங்க ஒக்கார்ற எடம் மாதிரி இல்லையான்னு கேட்டாங்க. அந்த வேரு தேஞ்சதே எங்க சீலையில உரசித்தான். என் எடமே என்னைக் காட்டிக் குடுக்குதேன்னு ஆத்திரம் வந்துச்சு. வாயில வந்ததைச் சொன்னேன்.

"அங்க மாடுதான் கட்டுவாங்க."

அந்தம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. தரையைப் பார்த்தாங்க. அப்பறம் நோட்டுல எழுதிக்கினாங்க. நான் திரும்பிப் பார்க்காம நடந்தேன்.

மத்தவங்கெல்லாம் எங்களை மாதிரி இல்ல. கரை மேல சீட்டாடற கெழவனுங்க ஆடற எடத்தை ஒளிக்காம காட்டினாங்க. இட்லி விக்கிறவங்க அடுப்பு வைக்கிற எடத்தைச் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க கரைச் சரிவுல எறங்கி ஏறிப் போற குறுக்கு வழியை நடந்தே காட்டினாங்க. வலை காயப்போடறவங்க கயிறு கட்டற கம்பத்தைக் காட்டினாங்க. வெவரம் கெட்ட ஜனங்க, தானா போய்க் கழுத்தை நீட்டறாங்களேன்னு எங்களுக்குள்ள பேசிக்கினோம். இட்லிக்காரங்களை நான் நேராவே திட்டினேன். உனக்கு இன்னா கொள்ளைன்னு கேட்டாங்க.

இதுக்கு நடுவுல ஒரு மத்தியானம், வேலை இல்லாத நாளு, டீக்கடை பெஞ்சுல அந்தம்மா என் பக்கத்துல வந்து ஒக்காந்தாங்க. நந்தவனத்துல வேலை செஞ்ச கதையை எப்படியோ என் வாயிலேருந்து புடுங்கிட்டாங்க. கேட்டுட்டு அவங்க படிச்சதைச் சொன்னாங்க. ராஜாக்கள் தோட்டம் ராஜாவுக்குப் போட்டது, நந்தவனம் சாமிக்குப் போட்டது, வெள்ளைக்காரன் புல்தரை வெள்ளைக்காரனுக்குப் போட்டது. சுதந்தரம் வந்தப்பறம் எல்லாருக்கும்னு போட்டாங்க, ஆனா எல்லாரும்னா யாருன்னு யாரையும் கேக்கலை, சிமெண்ட்டு மானை வச்சுட்டுப் போயிட்டாங்க. நம்ம ஊர்ல பழைய பொதுத் தோட்டம்னா அது ஏரிக்கரையும் ஒரு மரத்தடியும்தான், அதை யாரும் பிளான் போட்டு உண்டாக்கலை, ஜனங்க ஒக்காந்து ஒக்காந்து உண்டாக்கினது. இந்தத் தடவை கேட்டுட்டுப் போடணும்னுதான் நான் அலையறேன்னு சொன்னாங்க. பேச்சு காதுக்கு எனக்கே இனிப்பா இருந்துச்சு. இனிப்பா இருந்ததாலயே ஒடம்பெல்லாம் உஷாரா ஆயிருச்சு. நீ நிக்கிற எடத்தை ஒருத்தி புகழ்ந்தா அவளுக்கு அந்த எடம் வேணும்னு அர்த்தம். டீ நல்லா இருந்துச்சுங்கம்மான்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

ஆறு மாசம் சத்தமே இல்ல, நாங்களும் பழையபடி மரத்தடிக்கே போயிட்டோம். அப்பறம் ஒரு நாள், பிளான் ஒட்டியிருக்குது, பார்த்துட்டு மாத்தணும்னா சொல்லலாம்னு ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிக்கினு போனாங்க. சமுதாயக் கூடத்துல வேட்டி அகலத்துக்குக் கலர் காகிதம். எனக்குப் படிக்கத் தெரியுமேன்னு என்னை அனுப்பினாங்க. போய்ப் பார்த்தேன். சீட்டாடறவங்களுக்கு வேப்பமரத்தைச் சுத்தி மேடை போட்டிருந்துச்சு, நாலு நாலு பேரா ஒக்கார்ற மாதிரி. இட்லிக்காரங்களுக்குக் காத்து அடிக்காத மறைப்போட ஒரு எடம். பொண்ணுங்க குறுக்கு வழிக்குக் கல்லு பாவி, ரெண்டு பக்கமும் புங்கமரம், ராத்திரிக்கு வெளக்கு. வலைக் கம்பம் கூட இருந்த எடத்துலயே இருந்துச்சு. யாரு இன்னா சொன்னாங்களோ அதை அப்படியே வச்சிருந்தாங்க. இட்லிக்காரங்க அந்தக் காகிதத்துல தங்க எடத்தைக் கண்டுபிடிச்சு விரலை எடுக்காம நின்னுக்கினு இருந்தாங்க.

எங்க மரத்தைத் தேடினேன். மூலையில பச்சை வட்டம். சுத்தி ரெட்டைக் கோடு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மாடு ஒரசி வேர் கெடாம இருக்க இரும்பு வேலி, அதுக்கு வெளிய நெருக்கமா முள்ளுக் கிளுவைச் செடி வேலி. பக்கத்துல நீலக் கட்டம், மாட்டுத் தண்ணித் தொட்டி.

விரல் வச்சு இன்னொரு தடவை படிச்சேன். எங்க எடத்தை எந்த அதிகாரியும் புடுங்கல. என் வாய்தான் புடுங்குச்சு. அங்கயே நடந்த கூட்டத்துல யாருக்காவது மாத்தணுமான்னு அந்தம்மா மைக்குல ரெண்டு தடவை கேட்டாங்க. பக்கத்துல நாற்காலியில நாலு அதிகாரிங்க. அவங்க முன்னாடி எழுந்து நின்னு, நாங்க பொறம்போக்குல ஒக்கார்றவங்க, போன தடவை சொன்னது பொய்யுன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. கூட்டம் முடியற வரைக்கும் வெளிய கொழாய்கிட்ட நின்னேன். அந்தம்மா கை கழுவ வந்தாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன், பஸ்ஸு பொய்யி, மூணு நாள் ஒளிஞ்சது, மாடு, எல்லாத்தையும். திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டினா நல்லா இருக்கும்னு கூட நெனச்சேன்.

அந்தம்மா கொழாயை மூடினாங்க. "மாடு கட்டற எடத்துல சாணியே இல்லையேன்னு அன்னிக்கே நெனச்சேன்க்கா. ஆனா ஊர்க்காரங்க நீங்க சொல்றீங்க. என் கண்ணை விட உங்க வார்த்தையை நம்பணும்னு எழுதிக்கிட்டேன்."

என் வயசுக்கு என் வார்த்தையை ஒருத்தர் அப்படியே நம்பி எழுதினது அதுதான் மொத தடவை. அது பொய்யா இருந்துச்சு. எனக்கு அப்ப வந்த அழுகை எடம் போவுதேன்னு மட்டும் வந்தது இல்ல.

நாளைக்கு மறுநாள் பிளான் மேல போயிடும், அதுக்கப்பறம் ஒரு கோட்டைக்கூட மாத்த முடியாதுன்னு சொன்னாங்க. இப்ப சொன்னதை மட்டும் வச்சு மாத்தினா மேல கேப்பாங்க, மொதல்ல ஒண்ணு சொன்னாங்க இப்ப ஒண்ணு சொல்றாங்களான்னு. நாளைக்குக் காலையில நான் வர்றேன், உங்க ஆளுங்க எப்பவும் போல மரத்தடியில நிக்கட்டும், தலையை எண்ணி போட்டோ எடுத்து வச்சா நான் பார்த்துக்கறேன், வேலியை எடுத்துட்டு மேடை போட்டு, வண்டி நிக்க எடமும் விட்டுடறேன்னு சொன்னாங்க.

சாயங்காலமே வூடு வூடா போனேன். அன்னிக்கு ஒளிஞ்சுக்கோன்னே, இன்னிக்கு போட்டோவுக்கு நில்லுன்றியேன்னு கேட்டாங்க. போட்டோவா, அதை எங்க குடுப்பாங்கன்னு கேட்டாங்க. தலையை எண்றாங்கன்னா கேஸு போடத்தான்னு ஒருத்தி சொன்னா. அது நான் அவங்களுக்குச் சொன்ன பேச்சு, வார்த்தை கூட மாறல. இல்லடி, இந்தம்மா அப்படி இல்லன்னு சொன்னேன். சொல்றப்பவே அது எவ்ளோ மோசமான பேச்சுன்னு என் காதுக்கே கேட்டுச்சு. கடைசியா ஜோடிக்காரி வூடு. அவ பாத்திரம் தேய்க்கிறதை நிறுத்தல. கொழாய்கிட்ட தனியா நின்னு ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தியாமேன்னா. ஆமான்னேன். அழுதியாமேன்னா. அதுக்கும் ஆமான்னேன்.

"அவ உனக்கு இன்னா தர்றேன்னு சொன்னா?"

கோவத்துல வந்துட்டேன். அங்கயே ஒக்காந்து அவ கையைப் புடிச்சுக்கினு பேசியிருக்கணும். இன்னிக்கு வரைக்கும் அதுதான் என் மனசைப் பிசையுது.

காலையில நான் மட்டும் மரத்தடியில நின்னேன். எல்லாரும் பெட்ரோல் பங்க்குல நின்னுக்கினு இந்தப் பக்கம் பார்த்துக்கினு இருந்தாங்க. அந்தம்மா சொன்ன நேரத்துக்கு வந்தாங்க. மத்தவங்கன்னு கேட்டாங்க. நான் கையை நீட்டி பங்க்கைக் காட்டினேன், அதோ அவங்கதான், அவ்ளோ பேரும்தான்னு. என் கை நீண்டதைப் பார்த்ததும் அங்க ஒரு சலசலப்பு. சில பேரு முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடிக்கினாங்க, சில பேரு திரும்பி நின்னுக்கினாங்க. குட்டியானை ஒண்ணு வந்துச்சு. இத்தனை பேருன்னு சொல்லாமயே மொத்தப் பேரும் முட்டி மோதி ஏறப் பார்த்தாங்க. ஏற முடியாதவங்க சந்துக்குள்ள போயிட்டாங்க. அந்தம்மா அவங்க பின்னாடி போகலாமான்னு ஒரு அடி வச்சாங்க, அப்பறம் நின்னுட்டாங்க. எட்டு மணி வரைக்கும் என்கூட நின்னாங்க. பங்க்குல ஒருத்தரும் திரும்ப வரல.

இருந்த ஆளைத்தான் எழுத முடியும்க்கா, இல்லாதவங்களை எழுதினா அப்பறம் யாரு சொன்னதையும் யாரும் நம்ப மாட்டாங்கன்னு சொன்னாங்க. ஒண்ணுன்னு எழுதிக்கினாங்க. எனக்கு அவங்க மேல ஆத்திரம் வந்துச்சு. ஒரே ஒரு பொய், நாங்க சொன்னதுல பத்துல ஒரு பங்கு, அதைச் சொன்னா கொறைஞ்சா போயிடுவாங்க. ஆனா நான் யாரு அதைக் கேக்க.

பூங்கா வந்துச்சு. நல்லாத்தான் இருக்குது, வஞ்சனை இல்லாம சொல்லணும். சீட்டாடறவங்க மேடையில ஜம்முனு ஒக்காந்திருக்காங்க. இட்லிக்காரங்களுக்கு யாவாரம் ஜாஸ்தி. வாசல்ல காவல்காரரு கெடையாது, யாரு வேணா எந்தக் காலோட வேணா போகலாம். எங்க மரத்தைச் சுத்தி இரும்பு வேலி, அதுக்கு வெளிய கிளுவை ஆள் ஒசரத்துக்கு வளந்து நிக்குது. தண்ணித் தொட்டி நெறைய தண்ணி இருக்குது, அந்தப் பக்கமே மாடு கெடையாது, காக்கா குளிக்குது. ரோட்டோரம் ஒசத்தி நடைபாதை கட்டிட்டதால வண்டி ஒதுங்கி நிக்க எடம் இல்ல. பங்க்குக்காரரு ரெண்டு மாசம் பொறுத்துட்டுத் தொரத்திட்டாரு. இப்ப பாதிப் பேரு பைபாஸ் பக்கம் நிக்கிறாங்க, பாதிப் பேரு நடைபாதை மேல வெயில்ல நிக்கிறோம். எங்க யாரு இருக்காங்கன்னு மேஸ்திரிங்களுக்குத் தெரியல. வாரத்துக்கு ரெண்டு நாள் வண்டி ஏறினா அதுவே பெருசு.

நடைபாதையில, கிளுவை வேலிக்கு இந்தாண்ட, ஒரு கல்லு ஆசனம் போட்டிருக்காங்க. முதுகு சாய ஒரு பலகைக் கல்லோட, மரத்து நிழலு காலையில ஒரு மணி நேரம் விழற எடமா பார்த்துப் போட்டிருக்காங்க. ஒருத்தர் ஒக்கார்ற அகலம்தான். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னிக்கு ஒண்ணுன்னு எழுதினதைச் செஞ்சுட்டாங்க.

ரொம்ப நாள் அந்தப் பக்கமே திரும்பல. போன தை மாசம் ஒரு காலையில முட்டி வலி தாங்கல, போய் ஒக்காந்துட்டேன். வெயில்ல நின்னுக்கினு இருந்தவங்க பேச்சு ஒவ்வொண்ணா நின்னுச்சு. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, அந்தக் கல்லைப் பார்த்தாங்க. ஜோடிக்காரிதான் பேசினா. கேலி பண்றாளான்னு கொரலைக் கவனிச்சேன், கேலி இல்ல.

"ஒக்காரு, ஒக்காரு. உனக்குன்னு கேட்டு வாங்கினதுதான?"

எழுந்துட்டேன். நடந்ததையெல்லாம் மொதல்லேருந்து சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன். அவங்க மூஞ்சிங்களைப் பார்த்தேன், மூடிக்கினேன். அவங்க எடத்துல நான் நின்னிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்.